கொள்ளைநோய் வந்தால் ஆயத்தமா? ஓர் அஞ்சலட்டை சொல்லும் பதில்



காணிக்கையோடு நீங்கள் அனுப்பும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. கொரோனாவைப் போல் இன்னொரு கொள்ளைநோய் வந்தால் ஜவ்வாது மலை ஜனங்களின் கதி என்ன? அரசாங்கம் ஆயத்தமாக இருக்கிறதா? மிஷன் ஆஸ்பத்திரிகள் ஆயத்தமாக இருக்கின்றனவா? சிலர் இன்னும் நேராகவே கேட்கிறீர்கள்: எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர், ஆக்ஸிஜனுக்கு என்ன ஏற்பாடு?

நியாயமான கேள்விதான். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டின் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாகக் காத்துக் கிடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆனால் படுக்கையை எண்ணிச் சொல்வதோடு இந்தப் பதில் முடிந்துவிடாது. படுக்கைக்கு முன்னால் வர வேண்டியது ஒன்று உண்டு. அது செய்தி. எந்த ஊரில், எத்தனை பேருக்கு, எந்த நாளில், என்ன வியாதி தொடங்கியது என்னும் செய்தி. அது பிந்தினால் எத்தனை படுக்கை போட்டாலும் போதாது. இதை விளக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்முடைய பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி நடந்திருக்கிறது.

கொள்ளைநோய் வரும்போதெல்லாம் நம் நாட்டில் ஒரே விதமான வாக்குவாதம் எழும்புகிறது. 1994 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலும், செப்டம்பரில் குஜராத்தின் சூரத் நகரத்திலும் பிளேக் என்று செய்தி பரவியது. சூரத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். தனியார் டாக்டர்கள் பலர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு போய்விட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் கிடைக்கவில்லை. வெளிநாடுகள் இந்தியாவுக்கு விமானங்களை நிறுத்தின. இறந்தவர்கள் ஐம்பது பேருக்குச் சற்று அதிகம். ஆனால் அது மெய்யாகவே பிளேக்தானா என்ற தர்க்கம் மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் நடந்தது. அரசாங்கம் மறைக்கிறது என்றார்கள் ஒருசாரார். டாக்டர்கள் பீதியைக் கிளப்புகிறார்கள் என்றார்கள் மற்றொரு சாரார்.

நம் மாநிலத்திலும் இப்படித்தான். 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 12,000 பேருக்கும் அதிகமாக டெங்கு கண்டு, 66 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. அந்த மாதங்களில் நாளிதழ்களைப் புரட்டியவர்களுக்கு ‘மர்மக் காய்ச்சல்’ என்ற சொல் நினைவிருக்கும். அந்தச் சொல்லை நாங்கள் விரும்புவதில்லை. காய்ச்சலில் மர்மம் ஒன்றும் இல்லை. ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பத்திரிகை கொடுத்த மரியாதையான பெயர்தான் மர்மம்.

இந்த வாக்குவாதத்தில் இரண்டு பக்கத்திலும் உண்மை உண்டு. “தனியார் ஆஸ்பத்திரிகளும் மிஷன் ஆஸ்பத்திரிகளும் நோயாளியைப் பார்க்கின்றன, எங்களுக்கு அறிவிப்பதில்லை” என்கிறது சுகாதாரத் துறை. “அறிவித்தால் பதில் வருவதில்லை, வந்தால் விசாரணையாக வருகிறது, ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் மட்டுந்தான் மிச்சம்” என்கின்றன ஆஸ்பத்திரிகள். சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணம் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் இந்த வகையில் முந்திக்கொண்ட மாகாணம் நம்முடையது. தொற்றுநோயைக் கண்ட வைத்தியர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதி வைத்தால் மட்டும் நடந்துவிடுமா?

இங்கேதான் அந்த அஞ்சலட்டை வருகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வுத் துறையை நடத்தியவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். அவரும் அவரோடு உழைத்தவர்களும் 1980களில் அரசு சுகாதார அதிகாரிகளோடு சேர்ந்து, வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு எளிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். மாவட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு, அரசு, தனியார், மிஷன் என்ற வித்தியாசம் பாராமல், அச்சடித்த அஞ்சலட்டைகள் கொடுக்கப்பட்டன. இளம்பிள்ளைவாதம், தட்டம்மை, கக்குவான், மூளைக்காய்ச்சல், காலரா போன்ற வியாதி என்று டாக்டருக்குச் சந்தேகம் தோன்றினால் போதும். நிரூபிக்கத் தேவையில்லை. அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டும். வந்த அட்டைகளை ஓரிடத்தில் வைத்து ஊர்வாரியாகப் பார்ப்பார்கள். ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று அட்டைகள் வந்தால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும்.

மாதந்தோறும், அட்டை அனுப்பிய எல்லாருக்கும் ஒரு செய்திமடல் திரும்பி வரும். வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘நதி’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் வாசித்தாலும் பொருந்துகிற பெயர்! அந்த மடல்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்று நாங்கள் நினைக்கிறோம். சின்ன ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஒருவர், தாம் போட்ட அட்டையை யாரோ வாசித்தார், அதனால் ஏதோ நடந்தது என்று கண்டால்தான் அடுத்த அட்டையைப் போடுவார். பதில் வராத கடிதத்தை எத்தனை நாள் எழுத முடியும்?

அன்றைய மாவட்டத்தின் ஜனத்தொகை சுமார் 50 லட்சம். இந்த ஏற்பாடு முழுவதுக்கும் ஆன செலவு, வருஷத்துக்கு ஆளுக்கு ஏறக்குறைய ஓர் அமெரிக்க சென்ட், அதாவது அன்றைய மதிப்பில் நாற்பது காசு அளவு. 1998ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதைப் பற்றிய கட்டுரை வந்தபோது, வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரி என்றே அதற்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். பின்பு இதே முறையைக் கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் எடுத்துக்கொண்டது; அங்கிருந்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

செய்தி என்றால் வெறும் எண்ணிக்கைதானே என்று சிலர் நினைக்கலாம். 1992இல் நடந்ததைச் சொன்னால் அதன் அருமை விளங்கும். அந்த வருஷம் அக்டோபர் முதல் சென்னையிலும், தொடர்ந்து வேலூர், மதுரை முதலிய இடங்களிலும் கடுமையான வாந்திபேதி கண்டது. பார்த்தால் அச்சு அசல் காலரா. அரிசி கழுவின தண்ணீர்போல் பேதி, சில மணி நேரத்தில் கண் குழிந்து நாடி தளர்ந்துபோகும். ஆனால் பரிசோதனைக் கூடத்தில் காலராக் கிருமி என்று உறுதி செய்வதற்கு ஒரு சீரத்துளியில் கிருமியைக் கலந்து பார்ப்பார்கள். அது தயிர் திரிந்தாற்போல் திரள வேண்டும். அந்தக் கிருமி திரளவில்லை. அதுவரை உலகத்தில் பெருவாரியாகக் காலராவை உண்டாக்கியது ‘ஓ1’ என்ற வகை மட்டுமே. திரளாத வகைகளை ஒரு பொருட்டாக எண்ணும் வழக்கம் கிடையாது. ஆகவே, “இது காலரா அல்ல” என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒதுக்கிவிட முழு நியாயமும் இருந்தது.

வேலூர்ப் பரிசோதனைக் கூடத்தில் வருஷக்கணக்காக ஒவ்வொரு மாதமும் எந்த வகைக் கிருமி எத்தனை என்று விடாமல் குறித்து வைத்திருந்தார்கள். அதனால் திரளாத வகை திடீரென்று பெருகி, பழைய வகை பின்னுக்குப் போனதை அவர்களால் கண்டுகொள்ள முடிந்தது. அடுத்த வருஷமே அதை லான்செட்டில் அறிவித்தார்கள். கல்கத்தாவிலும் பங்களாதேஷிலும் இதே கிருமி பரவி, அதற்கு ‘ஓ139’ என்று எண்ணும், வங்கக் கடலோரத்தில் பரவியதால் ‘பெங்கால்’ என்று பெயரும் கொடுத்தார்கள். பழைய காலராவுக்குப் பழகிப்போன பெரியவர்களையும் இது விடவில்லை. உலகத்தில் எட்டாவது காலராப் பெருவாரி தொடங்குகிறதோ என்று நிபுணர்கள் அஞ்சினார்கள். நல்லவேளையாக அப்படி ஆகவில்லை. ஒரு குறிப்பேட்டைத் தவறாமல் எழுதியவர்களின் உழைப்பு அது. அந்தக் குறிப்பேட்டுக்குத் திறப்பு விழா யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, ரிஜிஸ்டருக்குக் கிடையாது.

சூரத் அமளிக்குப் பிறகு மத்திய அரசாங்கமும் விழித்துக்கொண்டது. 1997-98இல் தொற்றுநோய்க் கண்காணிப்புக்கு ஒரு தேசியத் திட்டம் சில மாவட்டங்களில் தொடங்கியது. 2004 நவம்பரில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமாக அது விரிந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் சந்தேகத்தைக் குறிக்க ஒரு படிவம், டாக்டருக்கு ஒரு படிவம், பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு படிவம் என்று மூன்று படிவங்கள், வாரம் ஒருமுறை. 2021 முதல் இது கணினி வழியில் அன்றன்றே பதிவு செய்யும் முறையாக மாறியிருக்கிறது. ஆக, அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது சரியல்ல. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் அதற்கே பயின்ற டாக்டர்களும் இருக்கிறார்கள். பல மாநிலங்களில் இது இல்லை.

பின்னே குறை எங்கே? மலையில் நின்று பார்த்தால் அது தெரியும்.

ஜவ்வாது மலையை வரைபடத்தில் பாருங்கள். 1989 வரை முழு மலையும் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டத்துக்குள் இருந்தது. பிறகு திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தது. இன்று ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கும், புதூர்நாடு திருப்பத்தூருக்கும், அமிர்தி, அணைக்கட்டுப் பக்கத்து மலை ஊர்கள் வேலூருக்கும் கணக்கு. நிர்வாகத்துக்கு இது வசதி. ஜனங்களுக்கும் ஆட்சியர் அலுவலகம் கிட்ட வந்தது நன்மைதான். ஆனால் ஒரே உறவுக்குள் பெண் கொடுத்து எடுத்து, ஒரே திருவிழாவுக்குக் கூடி, ஒரே சந்தைக்குப் பலாப்பழமும் புளியும் சாமையும் கொண்டுபோகிற மலையாளிப் பழங்குடி மக்கள் மாவட்ட எல்லை பார்த்து நடப்பதில்லை. ஒரு திருவிழாச் சாப்பாட்டில் இருபது பேருக்கு வாந்திபேதி கண்டால், அதில் ஏழு பேர் ஆலங்காயம் பக்கம் இறங்குவார்கள், ஏழு பேர் போளூர் பக்கம் இறங்குவார்கள், மீதிப்பேர் வீட்டிலேயே கிடப்பார்கள். மூன்று மாவட்டப் பதிவேட்டிலும் அது சாதாரண வயிற்றுப்போக்காகத்தான் தெரியும். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

கணினி வழிப் பதிவுக்குக் கைபேசிச் சிக்னல் வேண்டும். பல குக்கிராமங்களில் சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும். பாதையும் அப்படியே. 2023 மே மாதக் கடைசியில் அணைக்கட்டுப் பக்கத்து மலை ஊர் ஒன்றில் பாம்பு கடித்த குழந்தை ஆஸ்பத்திரி சேருமுன் இறந்தது. சாலை இல்லாமல் ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, பெற்ற தாயே உடலைச் சுமந்து மலையேறிய செய்தி நாடு முழுவதையும் கலங்கவைத்தது. நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிற ஊர்கள் இன்னும் உண்டு. நோயாளியே இறங்கி வர முடியாத இடத்திலிருந்து நோயின் செய்தி எப்படி இறங்கி வரும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பில் கொப்புளம் கண்டால் நம் ஜனங்கள் ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று வாசலில் வேப்பிலை செருகி, வெளியாள் வராதபடி வீட்டை அடைத்துக்கொள்வார்கள். மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் அப்படித்தான். இதைச் சிலர் மூடப்பழக்கம் என்று ஏசுகிறார்கள். நாங்கள் ஏசமாட்டோம். பிள்ளையைத் தனியாக வைப்பதும், அயலாரை விலக்குவதும் நல்ல காரியந்தான். ஆனால் தட்டம்மை தொடங்கியிருக்கிற வீட்டை முதலில் அறிகிறவர் டாக்டர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில்தான் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்ணாகவே இருக்கிற ஆஷா பணியாளரும், ஊர்ப் பெரியவரும், பள்ளிக்கூட வாத்தியாரும் சொன்னால்தான் செய்தி கிடைக்கும். ‘இந்த வாரம் நாலு பிள்ளைகள் வரவில்லை’ என்று வாத்தியார் சொல்லும் ஒரு வார்த்தை, எந்தப் படிவத்துக்கும் முந்தி வருகிற அறிவிப்பு.

விழிப்பான ஒரு கண் எவ்வளவு செய்யும் என்பதற்குக் கேரளத்தையே பார்க்கலாம். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மூளைக்காய்ச்சலோடு ஒரு வாலிபர் வந்தார். அதே வீட்டில் சில நாட்களுக்கு முன் அவருடைய சகோதரர் இறந்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டாவது ஆளா என்று அந்த டாக்டர்கள் சந்தேகப்பட்டு, மாதிரிகளை மணிப்பால் வைரஸ் ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அது நிபா. தென்னிந்தியாவில் அதுவே முதல் முறை. தனியார் ஆஸ்பத்திரி ஒளிக்கவில்லை, அரசாங்கம் மறுக்கவில்லை. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பராமரித்த நர்ஸ் லினியும் ஒருவர். ஆயினும் அந்தத் தீ சில வாரங்களில் அணைக்கப்பட்டது.

செய்தி வந்து உதவி ஏறி வருவதற்குள் காலரா போன்ற வியாதி காத்திருக்காது என்பதும் உண்மை. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை தண்ணீர் சரீரத்தைவிட்டுப் போகக்கூடும். கவனிக்காமல் விட்டால் அப்படிப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை மாண்டுபோவார்கள். தகுந்த நேரத்தில் நீர் ஏற்றினால் நூற்றுக்கு ஒருவர்கூட சாக வேண்டியதில்லை. 1971இல் வங்காள எல்லையில் பங்காவ் அகதி முகாமில் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் வீட்டாரையே புகட்டச் சொன்னார். முகாமில் நூற்றுக்கு முப்பதாக இருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலுக்குள் போகும்போது உப்பையும் தண்ணீரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது, ரகசியம் அவ்வளவே. பொட்டலம் கிடைத்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைத் தெரிந்த ஒரு தாய் மலையுச்சியில் இருந்தால், அங்கே ஒரு படுக்கை ஆயத்தமாக இருக்கிறது என்று நாங்கள் கணக்கிடுவோம்.

ஆகவே வென்டிலேட்டர் வேண்டாம் என்கிறோமா? இல்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதை வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள். மலைச் சுனையிலிருந்து தண்ணீர் எடுத்துப் பார்க்கும் போத்தலுக்கும், பேதி மாதிரியை ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே பரிசோதனைக் கூடம் சேரும்வரை கிருமி சாகாமல் வைத்திருக்கும் கேரி-பிளேர் குழாய்க்கும், ஊர் ஊராய்ப் போய்க் கேட்டுவரும் பணியாளரின் பஸ் கட்டணத்துக்கும், மாதா மாதம் பதில் எழுதி அனுப்புகிற தபால் செலவுக்கும் காணிக்கை கேட்டால் பலருக்கு மனம் உருகுவதில்லை. அந்தப் பணத்தால் வாங்கியதைப் படம் பிடித்து இந்த மடலின் அட்டையில் போடவும் முடியாது. அது நன்றாக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததைக் காட்டி எப்படி நன்றி சொல்வது? அடுத்த முறை பொதுக் காணிக்கை என்று கேட்கும்போது, அதில் பெரும்பங்கு இவற்றுக்கே போகிறது என்று நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினோம்.

உங்கள் ஊரில் அரசு சுகாதாரத் துறையில் பணிசெய்கிற சபையார் இருந்தால் அவர்களோடும் இதைப் பேசுங்கள். மிஷன் ஆஸ்பத்திரி அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் இரண்டு வரி பதில் வரட்டும். மூன்று மாவட்டங்களின் மலைக் கணக்கும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் வைக்கப்படட்டும். இதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் ஓடைகள் பெருகி, சில குக்கிராமங்களுக்குப் போக வழி இராது. அதற்கு முன்பாக உப்பு-சர்க்கரைப் பொட்டலங்களும் குளோரின் மாத்திரைகளும் மேலே ஏறிவிட வேண்டும். இதற்கென்று காணிக்கை அனுப்புகிறவர்கள் சீட்டின் பின்புறத்தில் ‘மழைக்கு முன்’ என்று குறித்து அனுப்பினால் தனியாக வைத்துக்கொள்வோம்.